கழிவுநீர்க் குழாய் நம் ஒழுங்கைக்கு வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலைகளில் மேற்பார்வையாளராக இருபது வருடங்களுக்கு மேல் நின்றிருக்கிறேன். வீடு வெள்ளவத்தையில். உறவுகளில் பாதிப்பேர் வத்தளை, ஹெந்தளை, மாபோல, களனி, மாலபே என்று வெளியே காணி வாங்கிப் போய்விட்டார்கள். முன்பு தென்னந்தோப்பும் வயலுமாகக் கிடந்த இடங்களில் இன்று மதிலோடு மதில் முட்டி வீடுகள் நிற்கின்றன. கல்யாண வீட்டிலும் சரி, செத்த வீட்டிலும் சரி, யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு மலக்குழி பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைத் தொகுத்து, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

றோட்டு ஓரத்துக் கானும் இந்தக் கழிவுநீர்க் குழாயும் ஒண்டுதானே?

இல்லை. கான் மழைத்தண்ணீருக்கு உரியது. அது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக வாய்க்காலுக்கோ ஆற்றுக்கோ போகும். கழிவுநீர்க் குழாய் நிலத்துக்குள், மூடிய நிலையில், கக்கூசு, குளியலறை, குசினித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போவது. இரண்டும் சந்திக்கவே கூடாது. பேரே வாவியும் வெள்ளவத்தை வாய்க்காலும் இவ்வளவு காலம் நாறியதற்கு ஒரு முக்கிய காரணம், வீட்டுக் கழிவைக் களவாகக் கானுக்குள் விட்டதுதான்.

கொழும்பில எல்லாருக்கும் இது இருக்கு, எங்கட பக்கம் மட்டும் ஏன் இல்லை?

கொழும்பு மாநகரக் குழாய்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் போடத் தொடங்கியவை. இன்றைய மாநகர சபை எல்லை சுமார் 37 சதுரக் கிலோமீற்றர்தான். அந்த எல்லைக்குள் பெரும்பகுதிக்குக் குழாய் உண்டு, அதைப் பார்ப்பது மாநகர சபை. எல்லைக்கு வெளியே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. தெஹிவளை–கல்கிசை, கொலன்னாவை ஆகியவற்றின் சில பகுதிகளிலும் சொய்சாபுர, ரத்தொலுகம, மத்தேகொட போன்ற வீடமைப்புத் திட்டங்களிலும் சபையின் குழாய்கள் இருக்கின்றன. சுவீடன் உதவியோடு ஜா-எல – ஏக்கல பக்கமும் இரத்மலானை – மொரட்டுவ பக்கமும் பெரிய திட்டங்கள் வந்தன. தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிகள் என்பதால் அவற்றுக்கு முதலிடம் கிடைத்தது.

நாடு முழுவதையும் எடுத்தால் குழாய் வசதி உள்ளவர்கள் நூற்றுக்கு ஒரு சிலர்தான். ஆகவே உங்கள் ஊரை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் போன வேகத்தில் கழிவுநீர்க் குழாய் ஒருநாளும் போனதில்லை. அதற்கான காரணம் கீழே ஆழம் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

எங்கட டாங்க் பதினைஞ்சு வருஷமா நிறையவே இல்லை. நல்ல டாங்க் தானே?

இந்தக் கேள்வியைப் பெருமையோடு கேட்பார்கள். பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டாங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும், வெளியேறும் பைப்பின் மட்டம் வரைக்கும். அடியில் சேறு படியும், மேலே பாலாடை போல அழுக்கு மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் அடுத்த குழிக்குப் போய் மண்ணில் ஊறும். நிறையாத டாங்க் என்றால் அடி திறந்த டாங்க். கல்லை அடுக்கி, அடியில் கொங்கிறீற் போடாமல், மேலே மூடியை மட்டும் வைத்துவிட்டுப் போன மேசன் பாஸ்மார் நிறையப் பேர். அந்தக் கழிவு பதினைந்து வருடமாக நேரே மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது.

நல்ல டாங்க் என்றாலும் 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை சேற்றை எடுக்கத்தான் வேண்டும். இன்னொரு விஷயம்: செப்டிக் டாங்க் கழிவைப் பாதியளவுக்குத்தான் சுத்தமாக்கும். மீதி வேலையை மண் செய்ய வேண்டும். மண்ணுக்கு இடமும் வேண்டும், காய்ந்தும் இருக்க வேண்டும்.

கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம். பயம் என்ன?

ஹெந்தளையில் என் மச்சாளின் வளவில் ஒருநாள் டேப் பிடித்து அளந்தோம். அவர்களுடைய கிணற்றிலிருந்து அவர்களுடைய மலக்குழிக்கு 31 அடி. சரி, மதிலுக்கு அந்தப் பக்கம்? பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு, மதிலுக்கு மேலால் டேப்பைக் கொடுத்து, அவருடைய மலக்குழி வரை அளந்தோம். 19 அடி. இரண்டு குடும்பமும் பத்து வருடமாக அயலவர்கள். யாரும் இதை நினைத்தே பார்க்கவில்லை.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. இப்போது 6 பேர்ச் காணியை எடுங்கள். சுமார் 1,630 சதுர அடி, சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 40 அடி. மூலைக்கு மூலை அளந்தாலே 57 அடிதான். உங்கள் கிணற்றையும் குழியையும் எதிர் மூலைகளில் ஒட்டி வைத்தாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு அருகில்தான் வந்து நிற்கும். மலக்குழி நம் மதிலுக்குள் இருப்பதால் அது நம் வீட்டு விஷயம் என்று நினைக்கிறோம். நிலத்தடித் தண்ணீருக்கு மதில் கிடையாது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் மலக்குழியிலிருந்து வரும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். கிணற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்கள் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். குடிக்கும் தண்ணீர் 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இலங்கைத் தரம்.

எங்களுக்குக் குழாய்த்தண்ணி வருது. அப்ப எங்களுக்குப் பிரச்சினை இல்லைத்தானே?

கொழும்புக்கான தண்ணீரில் பெரும்பங்கு களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. அதற்கு மேலே கடுவெல, ஹங்வெல்ல, பியகம பக்கமெல்லாம் வீடுகள் பெருகிவிட்டன. அங்கே மண்ணுக்குள்ளும் கானுக்குள்ளும் போவதில் ஒரு பங்கு ஆற்றுக்கு வரும். சுத்திகரித்துத்தான் தருகிறார்கள், குடிக்கலாம். ஆனால் ஆறு அழுக்கானால் சுத்திகரிக்கும் செலவு கூடும், அந்தச் செலவு நம் பில்லில்தான் வந்து சேரும்.

லைன் போட ஏன் இவ்வளவு காலம்? ஏன் ஆள் உயரத்துக்குக் கிண்டுறாங்க?

தண்ணீர்க் குழாயில் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். மேடு பள்ளம் எதுவாக இருந்தாலும் மூன்றடி தோண்டிப் புதைத்துவிடலாம். கழிவுநீர் சரிவில் தானாக ஓட வேண்டும். மெதுவாக ஓடினால் திண்மம் படிந்து அடைக்கும். ஒன்பது அங்குலக் குழாயை 150க்கு 1 என்ற சரிவில் போட்டால், 300 மீற்றர் போவதற்குள் 2 மீற்றர் கீழே இறங்கிவிடும். 1.2 மீற்றரில் தொடங்கிய குழாய் அந்த ஒழுங்கையின் முடிவில் 3.2 மீற்றர் ஆழத்தில் நிற்கும்.

வத்தளை, ஹெந்தளை பக்கம் முத்துராஜவெல சதுப்பு நிலம் கிட்ட இருக்கிறது. ஒரு மீற்றர் தோண்டினாலே தண்ணீர் ஊறி வரும், கறுப்பு மண் இரு பக்கமும் சரியும். இரும்புத் தகடு அடித்து, மோட்டாரால் இறைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அடித்தளத்தைச் சரியாகப் போடாமல் அவசரப்பட்டால் குழாய் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில் காலத்துக்கும் அடைப்பு. ஆகவே தாமதத்தைப் பார்த்துக் கோபப்படும்போது, சரிவு பார்க்கும் கருவியோடு ஒருவர் குழிக்குள் நிற்கிறாரா என்றும் பாருங்கள். நின்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

பம்ப் ஸ்டேஷனை எங்கட வீட்டுக்குப் பக்கத்தில கட்டப் போறாங்களாம். எதிர்க்கலாமா?

கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் தட்டையான ஊரில் பம்ப் இல்லாமல் லைன் இல்லை. முன் பதிலில் சொன்னபடி குழாய் ஆழமாகிக்கொண்டே போகும், ஓரிடத்தில் அதை மேலே தூக்கி விட்டே ஆக வேண்டும். அது பள்ளமான இடத்தில்தான் அமையும்.

கேட்க வேண்டியவை மூன்று: ஒன்று பழுதானால் ஓட இரண்டாவது பம்ப் இருக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேற்றர் இருக்கிறதா, மணத்தைப் பிடிக்க ஏதாவது வைக்கிறார்களா. கூட்டத்தில் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஜெனரேற்றர் இல்லாத பம்ப் ஸ்டேஷனைத்தான் நான் எதிர்ப்பேன்.

எங்கட ஒழுங்கைக்கு லைன் வருமா எண்டு எங்க கேக்கிறது?

மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் வடிகால் பகுதியில். வெளியே என்றால் நீர் வழங்கல் சபையின் பிராந்திய அலுவலகத்தில், அல்லது 1939க்கு அழைத்துக் கேட்கலாம். தனியாகப் போவதைவிட ஒழுங்கையில் உள்ள எல்லா வீடுகளும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுப்பது நல்லது. எத்தனை வீடு, எத்தனை பேர், கிணறு எத்தனை, மழைக்காலத்தில் எந்த வீட்டுக் குழி நிரம்பி வழிகிறது என்பதைக் கையால் வரைந்த ஒரு படத்தில் குறித்துக் கொடுங்கள். அப்படி வரும் கடிதத்தை அதிகாரிகள் எடுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காணி விக்கிறவர் “அடுத்த வருஷம் லைன் வந்திடும்” எண்டு சொல்றார். நம்பலாமா?

நம்பி வாங்காதீர்கள். லைன் வராது என்று வைத்துக்கொண்டே காணியைப் பாருங்கள்: மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, வயல் நிரப்பிய காணியா, பக்கத்துக் கிணறு எங்கே. வந்தால் நல்லது.

மழைத்தண்ணிப் பைப்பையும் அதுக்குள்ளயே விட்டா வேலை முடிஞ்சுதுதானே?

இதை மட்டும் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு 120 லீற்றர் என்று வைத்தால், நாளைக்கு 600 லீற்றர் கழிவுநீர். அதே வீட்டுக் கூரை 1,000 சதுர அடி என்றால், 50 மில்லிமீற்றர் மழைக்குச் சுமார் 4,600 லீற்றர் தண்ணீர் விழும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் அடிக்கும் இடிமழைக்கு அவ்வளவு கொட்ட அதிக நேரம் வேண்டாம். ஏழெட்டு நாள் கழிவு ஒரே பின்னேரத்தில் குழாய்க்குள் வந்தால் எப்படித் தாங்கும்?

தாங்காது. பள்ளத்தில் இருக்கும் வீட்டு முற்றத்தில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். ஒரு மழைநாள் அப்படி வழிந்த ஒழுங்கைக்குப் போனேன். கடைசி வீட்டு அம்மா, மூடியின் மேல் அம்மிக்கல்லையும் இரண்டு சீமெந்துக் கல்லையும் ஏற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கல்லின் பக்கங்களால் கறுப்புத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மழை விட்ட பிறகு மேலே உள்ள வீடுகளின் கூரைப் பைப்புகளில் சாயத்தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். நான்கு வீடுகளின் சாயம் அந்த அம்மாவின் மேன்ஹோலில் வந்தது. நான்கு வீட்டுக்காரரும் கெட்டவர்கள் அல்லர், தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மழைத்தண்ணீர் கானுக்கு, அல்லது வளவில் ஒரு குழிக்கு. முற்றத்தைக் கழுவும் தண்ணீரும் அப்படித்தான்.

என் வீடு றோட்டை விடப் பள்ளம். கனெக்ஷன் எடுக்கலாமா?

வீட்டுப் பைப் வெளியேறும் மட்டம் வீதிக் குழாயை விட எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி, வீதியின் மேற்பரப்பு அல்ல. நாலு அங்குலப் பைப்புக்கு 40 அடிக்கு 1 அடி சரிவு வைத்துக் கணக்குப் பாருங்கள். வீதிக் குழாய் ஆழமாக இருந்தால் பள்ளமான வீடும் இணைக்கலாம். மட்டம் போதாவிட்டால் வீட்டிலேயே சிறு தொட்டியும் பம்பும் வைக்க வேண்டி வரும்.

பள்ளமான வீட்டுக்கு நான் கட்டாயம் சொல்வது ஒருவழி வால்வு. மேலே சொன்ன அந்தக் கடைசி வீட்டில் அது இருந்திருந்தால், குறைந்தது கழிவு வீட்டுக்குள் ஏறாமல் தடுத்திருக்கும்.

காசு எவ்வளவு வரும்?

மூன்று செலவு. சபைக்குக் கட்டும் இணைப்புக் கட்டணம், உங்கள் வளவுக்குள் பைப் மாற்றும் கூலி, பிறகு மாதாமாதம் தண்ணீர் பில்லோடு சேர்ந்து வரும் கழிவுநீர்க் கட்டணம். கட்டணங்கள் மாறுவதால் தொகையை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் மறப்பது இரண்டாவது செலவை: குளியலறை வீட்டின் பின்பக்கம் என்றால் தரையை உடைத்து முன்பக்கம் கொண்டுவர வேண்டும். புது வீடு கட்டுபவர்கள் இன்றைக்கே எல்லாப் பைப்பையும் வீதிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டால் நாளைக்கு டைல் உடைக்க வேண்டாம்.

குசினித் தண்ணியையும் விடலாமா? எண்ணெய் எல்லாம் சூடாத்தானே போகுது?

விடலாம், விடத்தான் வேண்டும். எண்ணெயை மட்டும் விடக் கூடாது. சூடாகப் போகும் எண்ணெய் நிலத்தடிக் குழாயில் குளிர்ந்து, சோற்றுப் பருக்கையோடும் தேங்காய்ப்பூவோடும் சேர்ந்து கட்டியாகும். வெள்ளவத்தையில் ஓர் அடைப்பு எடுத்தபோது வெளியே வந்த கட்டி மெழுகு போல வெள்ளையாக, குழாயின் வடிவத்திலேயே வளைந்து இருந்தது. கையால் உடைக்க முடியவில்லை. பொரித்த எண்ணெயைப் போத்தலில் விட்டுக் குப்பையோடு கொடுங்கள். சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்கள் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் கொழுப்புத் தொட்டி வைக்காமல் இணைக்கவே கூடாது. ஈரத்துணித் தாள், பம்பர்ஸ், சானிட்டரி நப்கின் எதையும் கொமட்டில் போடாதீர்கள்.

லைன் வந்த பிறகு பழைய டாங்கை என்ன செய்யிறது?

மலக்கழிவு உறிஞ்சும் பௌசர் வண்டி பிடித்து முழுவதும் எடுத்துவிட்டு, அடியை உடைத்து, கல்லும் மணலும் போட்டு நிரப்பி மூடுங்கள். வெறுமனே மூடிவிட்டு விட்டால் ஒருநாள் மூடி உளுத்துப் பிள்ளை விழும். தண்ணீர் தேங்கினால் நுளம்பும் பெருகும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்புக்கு மலக்குழித் தண்ணீர்தான் பிடித்த இடம். அந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இங்கே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது. திரும்ப வர வழிவிடக் கூடாது. டாங்கைத் தொடர்ந்து பாவிப்பவர்கள் காற்றுப் பைப்பின் வாயில் வலை கட்டுங்கள்.

பௌசர்காரரிடம் எங்கே கொண்டுபோய் ஊற்றுவார் என்று கேளுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு பௌசர் சதுப்பில் திறந்துவிட்டதை நானே பார்த்தேன். அன்றைக்கு எந்த வீடோ நல்ல காசு கொடுத்துத்தான் அதை அனுப்பியிருக்கும்.

கடைசியில கடலுக்குத்தானே விடுறாங்க? பிறகு இதில என்ன சுத்தம்?

நியாயமான கேள்வி. மாநகரக் கழிவுநீர் பல பத்தாண்டுகளாக வெள்ளவத்தையிலும் முகத்துவாரப் பக்கத்திலும் நீண்ட குழாய் மூலம், கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, முறையான சுத்திகரிப்பு இல்லாமல் கடலில் விடப்பட்டது. 2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கொழும்பின் கழிவுநீர் அமைப்பைத் திருத்த 10 கோடி டொலர் கடன் தர ஒப்புக்கொண்டது. அதைத் தொடர்ந்த வேலைகளில் வெள்ளவத்தைச் சுத்திகரிப்பு நிலையமும் சேர்ந்தது. இது நூறு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை என்பது என் எண்ணம்.

புதிதாக வரும் திட்டங்களில் சுத்திகரிப்பு நிலையமும் கூடவே வர வேண்டும். குப்பையை வடித்து, மணலைப் படியவிட்டு, காற்று ஊதி வளர்த்த நுண்ணுயிர்களிடம் கழிவைக் கொடுத்து, தெளிந்த தண்ணீரைக் கிருமி நீக்கி விடுவார்கள். கழிவுநீரில் 99 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான், பிரிக்க வேண்டியது மிகக் கொஞ்சம்.

லைன் வந்தா அடுக்குமாடியாக் கட்டிக் குவிப்பாங்கள். ஊர் கெட்டுப் போகாதா?

வீடுகள் கூடும், அதை மறைக்க மாட்டேன். காணி விலையும் ஏறும். ஆனால் சுற்றிப் பாருங்கள்: குழாய் வராமலே வீடுகள் வந்துவிட்டன. 20 பேர்ச் காணியில் ஒரு வீடு இருந்தபோது மண் தாங்கியது, அதையே மூன்றாகப் பிரித்து மூன்று குழி தோண்டியபோது தாங்கவில்லை. குழாயை மறித்தால் வீடுகள் நிற்கப் போவதில்லை, குழிகள்தான் கூடும்.

நீங்கள் கேட்க வேண்டியது கொள்ளளவு. எத்தனை பேருக்கென்று இந்தக் குழாய் கணக்கிடப்பட்டது? அதற்கு மேல் கட்டட அனுமதி கொடுத்தால் என்ன செய்வார்கள்? பிரதேச சபைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

டாங்க் அடைச்சிட்டுது. ஒரு பொடியனை இறக்கித் துப்பரவாக்கினா என்ன, அஞ்சு நிமிஷ வேலைதானே?

இறக்காதீர்கள். எவ்வளவு காசுக்கும், யாரையும். மூடிய குழிக்குள் ஒட்சிசன் குறைவு, ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயுவும் இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல மணக்கும், அதிகமானால் மூக்கு மரத்து மணமே தெரியாது. “மணம் இல்லை, இறங்கலாம்” என்று இறங்கியவர் இரண்டு மூச்சில் சாய்வார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தூக்க அப்பா. ஒரே குழியில் மூன்று பேர் போவது இப்படித்தான்.

யாராவது விழுந்துவிட்டால் மேலே நின்றபடியே கயிறு போடுங்கள், மற்றவர்களைப் பிடித்து நிறுத்துங்கள், கொழும்பில் தீயணைப்புக்கு 110ஐயும் அம்புலன்ஸுக்கு 1990ஐயும் அழையுங்கள்.